கை படாமல் நடக்கும் குற்றம்: அமெரிக்க வனவுயிர்ச் சட்டத்தில் ‘தீங்கு’ம் ‘தொல்லை’யும்

அமெரிக்காவின் அழிவுநிலை உயிரினங்கள் சட்டம் 1973 டிசம்பர் 28 அன்று கையெழுத்தானது. அதன் 9-ஆம் பிரிவு, அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலில் ஏறிய விலங்கை யாரும் ‘டேக்’ செய்யக்கூடாது என்கிறது. அரசுத் துறை, கம்பெனி, தன் சொந்தக் காட்டில் மரம் வெட்டுகிறவர் என எல்லாரும் இந்த ‘யாரும்’ என்பதில் அடக்கம். டேக் என்றால் என்ன என்பதை 3-ஆம் பிரிவு பத்து வினைச்சொற்களில் சொல்லிவிடுகிறது: தொல்லை தருதல், தீங்கு செய்தல், துரத்துதல், வேட்டையாடுதல், சுடுதல், காயப்படுத்துதல், கொல்லுதல், பொறியில் சிக்கவைத்தல், பிடித்தல், சேகரித்தல். இவற்றுக்கு முயல்வதும் குற்றமே.

பத்தில் எட்டைப் புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். துப்பாக்கி, வலை, கண்ணி என்று கண்ணில் படும் கருவி ஒன்று இருக்கும். முதல் இரண்டு சொற்கள்தான் ஐம்பது ஆண்டுகளாக நீதிமன்றங்களை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விளக்கம் எழுதவில்லை. நிலத்து விலங்குகளையும் நன்னீர் உயிர்களையும் கவனிக்கும் மீன், வனவுயிர் சேவைத் துறைதான் தன் விதிகளில் எழுதியது.

தீங்கு பற்றிய விதி 1975-இல் வந்து, 1981 நவம்பரில் திருத்தப்பட்டது. அதன் சாரம்: வனவுயிரை உண்மையிலேயே கொல்லும் அல்லது காயப்படுத்தும் செயல் தீங்கு. வாழிடத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் சிதைப்பதும் இதில் சேரும். ஆனால் அந்த மாற்றம் இனப்பெருக்கம், இரை, தங்கிடம் போன்ற இன்றியமையாத நடத்தைகளை வெகுவாகக் குலைத்து, அதன் வழியே விலங்கை உண்மையிலேயே கொன்றிருக்கவோ காயப்படுத்தியிருக்கவோ வேண்டும்.

தொல்லைக்கான விதி வேறு மாதிரி. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ ஒன்றைச் செய்வது, அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது. அதனால் விலங்குக்கு எரிச்சலூட்டி, அதன் இயல்பான நடத்தை வெகுவாகக் குலைந்து, காயம் நேரும் வாய்ப்பு உண்டாவது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சண்டை எல்லாம் இரண்டே சொற்களில் அடங்கியிருப்பது தெரியும். தீங்கில் ‘உண்மையிலேயே’. தொல்லையில் ‘வாய்ப்பு’. முதலாவதில் ஒரு விலங்கின் உடலில் விளைவு தெரியவேண்டும். இரண்டாவதில் ஆபத்து உருவானாலே போதும். ஆனால் விலங்கு அங்கே இருந்து, அதற்கு எரிச்சல் ஏற்பட்டிருக்கவேண்டும். மரம் வெட்டினால் குற்றமா, வீடு கட்டினால் குற்றமா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியே தவறு. சட்டம் மரத்தைப் பார்ப்பதில்லை, மரம் போனதால் விலங்குக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்கிறது.

ஆடு தின்ற நாற்றும் பட்டினி கிடந்த பறவையும்

‘உண்மையிலேயே’ என்ற சொல் விதிக்குள் வந்த கதை ஹவாயில் தொடங்குகிறது. மௌனா கியா மலையின் மேல்சரிவுகளில் பலீலா என்ற சிறு பறவை வாழ்கிறது. மாமனே மரத்தின் காய்களும் விதைகளும்தான் அதற்கு முக்கிய இரை. வேட்டைப் பொழுதுபோக்குக்காக அந்த மலையில் மாநில அரசு விட்டுவைத்திருந்த காட்டாடுகளும் செம்மறிகளும் மாமனே நாற்றுகளையும் துளிர்களையும் மேய்ந்து தீர்த்தன. கிழட்டு மரங்கள் சாகச்சாக, இடத்தை நிரப்பப் புதுமரம் எழவில்லை. பலீலாவின் பெயரிலேயே வழக்கு தொடுக்கப்பட்டது. 1979-இல் கீழ்நீதிமன்றமும், 1981-இல் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது டேக்தான் என்று தீர்ப்பளித்தன.

வாழிடத்தைக் கெடுத்தாலே குற்றம் என்று இதை நீட்டிவிடலாமே என்ற கவலை வாஷிங்டனில் எழுந்தது. வாழிடம் என்ற பேச்சையே எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்து, கடைசியில் ‘உண்மையிலேயே கொல்லும் அல்லது காயப்படுத்தும்’ என்ற கடிவாளத்தைப் போட்டார்கள். அதற்குப் பிறகும் அதே மலையில், மூஃப்லான் என்ற இன்னொரு செம்மறி வகைக்கு எதிராக இரண்டாம் வழக்கு வந்தது. 1988-இல் அதிலும் பறவையே ஜெயித்தது.

உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது 1995 ஜூன் 29 அன்று, பாபிட் எதிர் ஸ்வீட் ஹோம் வழக்கில். வடக்குப் புள்ளி ஆந்தையும் செங்கொண்டை மரங்கொத்தியும் தங்கள் மரத்தொழிலை முடக்குவதாக வடமேற்கு, தென்கிழக்கு மாநிலங்களின் மரக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். 6-க்கு 3 என்ற கணக்கில் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைக்கு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் சொன்ன காரணங்களில் மிகக் கனமானது ஒன்று: 1982-இல் காங்கிரஸே, வேறொரு வேலையின் பக்கவிளைவாக நேரும் டேக்குக்கு அனுமதிச் சீட்டு தரும் முறையைச் சட்டத்தில் சேர்த்தது. நேரடியாகச் சுடுவதும் பிடிப்பதும் மட்டும்தான் குற்றம் என்றால், அப்படி ஒரு சீட்டை யார் போய் வாங்குவார்?

மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. டேக் என்பது பழைய வேட்டைச் சட்டத்துச் சொல். காட்டு விலங்கை மனிதன் தன் வசப்படுத்துவதுதான் அதன் பொருள். பத்துச் சொல் வரிசையில் ஒன்பது அந்தப் பொருளைத் தரும்போது ஒன்றை மட்டும் காடளவு அகலமாக்கக்கூடாது என்றார். உழுத நிலத்தின் மண் கரைந்து ஆற்றில் சேர்ந்து மீனின் இனப்பெருக்கம் குலைந்தால் உழவன் குற்றவாளியா என்று கேட்டார்.

அதற்குப் பதில், பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி ஓகானரின் தனிக் கருத்தில் இருக்கிறது. நடைமுறையில் இன்று அதிகம் பயன்படுவது அந்தச் சில பக்கங்கள்தான் என்பது என் எண்ணம். செயலுக்கும் சாவுக்கும் இடையே நேரடிக் காரணத் தொடர்பு வேண்டும், அந்த விளைவு முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்றார் அவர். தன் குளத்தை வடித்து அதிலிருந்த மீனைச் சாகடித்தவர் எந்த அளவுகோலிலும் மாட்டுவார். வயலில் போட்ட உரத்தைச் சூறாவளி தூக்கிப்போய் எங்கோ தொலைவில் போட்டு விலங்கு செத்த கதை அப்படி அல்ல. இதே அளவுகோலை வைத்து, பலீலாவின் இரண்டாம் வழக்கு தவறாகத் தீர்க்கப்பட்டது என்றும் சொன்னார். ஆடு தின்றது நாற்றை. அந்த நாற்றில் இன்று எந்தப் பறவையும் இரை எடுக்கவில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு பறவைக்கும் காயம் இல்லை. அதேசமயம், ஒரு விலங்கு குஞ்சு பொரிக்கவே முடியாமல் செய்வது அந்த விலங்குக்கே நேரும் காயம் என்றும் ஏற்றார். ஸ்காலியா அதை ஏற்கவில்லை. பிறக்காத குஞ்சு இனத்துக்கு இழப்பு, தாய்ப் பறவைக்குக் காயமில்லை என்பது அவர் கட்சி.

கடற்கரை விளக்கு

ஃபுளோரிடாவின் வோலூஷியா மாவட்டக் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் மணலைப் பிளந்து மேலே வரும். தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் நகரும். இயற்கையில் அது கடல். கரையோரக் கட்டடங்களில் விளக்கெரிந்தால் கடல் பின்னால் போய்விடும். குஞ்சு சாலைப் பக்கம் ஊர்ந்து, நீர் வற்றியோ, நண்டிடமோ, வண்டிச் சக்கரத்திலோ சாகும். விளக்கு போட்டவர் ஆமையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

இந்த மாவட்ட நிர்வாகம் மீதான வழக்கில் 1998-இல் பதினொன்றாம் வட்ட நீதிமன்றம் சொன்னதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். நிர்வாகத்திடம் ஏற்கெனவே அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அது கடற்கரையில் வண்டி ஓட்டுவதால் நேரும் டேக்குக்கு வாங்கியது. விளக்கைப் பற்றிய பேச்சு அதில் பரிகார நடவடிக்கையாகத்தான் வந்ததே ஒழிய, அனுமதிக்கப்பட்ட செயலாக வரவில்லை. ஆகவே சீட்டு விளக்குக்குக் காப்பு ஆகாது. இரண்டாவது, விளக்குகள் தனியாருடையவை; ஆனால் விளக்கு விதிகளை எழுதும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருந்ததால் அதன் மீது வழக்குத் தொடர இடமுண்டு. அனுமதிச் சீட்டு வாங்குவோர் இன்றும் சறுக்கும் இடம் இதுவே. தோண்டுவதற்கு வாங்கியிருப்பார்கள், இரவு வேலைக்குப் போட்ட ஃபோகஸ் விளக்கு அதில் இருக்காது.

சரிசெய்யும் முறை எளிது. விளக்கைத் தாழ வைக்கவேண்டும். கடற்கரையிலிருந்து பார்த்தால் பல்பு தெரியாதபடி மறைப்பு போடவேண்டும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆம்பர் அல்லது சிவப்பு எல்இடி பயன்படுத்தவேண்டும். வெள்ளை விளக்கின் மேல் மஞ்சள் தாள் ஒட்டுவது போதாது. நீல ஒளி கசியும்.

பிணம் இல்லாத வழக்கு

உண்மையிலேயே காயம் வேண்டும் என்றால், செத்த விலங்கைக் காட்டினால்தான் வழக்கு நிற்குமா? இல்லை. வரப்போகும் தீங்கு ஓரளவு நிச்சயம் என்று காட்டினால், அதற்கு முன்பே தடை உத்தரவு வாங்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் பீச் ரிட்ஜ் காற்றாலைத் திட்டம் இதற்குச் சரியான பாடம். திட்டமிட்டது 122 காற்றாலைகள். பக்கத்துக் குகைகளில் இந்தியானா வௌவால்கள். செத்த வௌவால் ஒன்றைக்கூட யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. ஆனாலும் ஒலிப்பதிவுகளையும் நிபுணர் சாட்சியங்களையும் எடைபோட்ட மேரிலாந்து கூட்டாட்சி நீதிமன்றம் 2009 டிசம்பரில், டேக் நடப்பது ஏறக்குறைய உறுதி என்று முடிவுக்கு வந்தது. கட்டத் தொடங்கியிருந்த 40 காற்றாலைகளை முடிக்கலாம், ஆனால் வௌவால்கள் குகையில் உறங்கும் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை மட்டும் ஓட்டலாம். மற்றதற்கெல்லாம் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டு வா என்றது.

இன்று பல காற்றாலைகள் இதற்கு ஒரு நடைமுறை வழி வைத்திருக்கின்றன. வௌவால் நடமாட்டம் பெரும்பாலும் காற்று குறைந்த இரவுகளில்தான். அதனால் வலசைக் காலத்து இரவுகளில் காற்று வினாடிக்கு 6.9 மீட்டர் வேகத்தைத் தொடும்வரை இறக்கைகளைக் காற்றுக்கு ஒதுக்கித் திருப்பி, சுழலவிடாமல் வைப்பார்கள். குறைந்த காற்றில் கிடைக்கும் மின்சாரமும் குறைவு என்பதால் இழப்பு தாங்கக்கூடியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2001-இல் அரிசோனா மாட்டுப் பண்ணையாளர்கள் வழக்கில் ஒன்பதாம் வட்டம், விலங்கு அந்த நிலத்தில் இருப்பதற்கே ஆதாரம் இல்லாமல் ‘இருக்கலாம்’ என்று வைத்துக்கொண்டு மேய்ச்சலுக்கு நிபந்தனை போட முடியாது என்று துறையின் கையைக் கட்டியது.

தொல்லை எங்கே தொடங்குகிறது

கூட்டில் இருக்கும் பறவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அமர்ந்தால் அது தொல்லை ஆகாது. எழுந்து பறந்து, திரும்பாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கதை மாறுகிறது. முட்டை குளிர்கிறது, காகம் வருகிறது. எரிச்சல், நடத்தைக் குலைவு, காயத்துக்கான வாய்ப்பு என்ற மூன்று கண்ணிகளும் கோத்துக்கொண்டால்தான் குற்றம். ஒன்று அறுந்தாலும் இல்லை. ஆள் எத்தனை மீட்டரில் நின்றார் என்பது சட்டத்தில் இல்லை. துறைகள் தூரம் குறிப்பது சிக்கல் வராமலிருக்கத்தான். சில விலங்குகளுக்குத் தூரமே விதி. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தை 500 கெஜத்துக்குள், அதாவது சுமார் 457 மீட்டருக்குள், படகு நெருங்கக்கூடாது. ஹவாயில் துறவி சீலிடமிருந்து 50 அடி, குட்டியோடு இருந்தால் 150 அடி என்பது பரிந்துரை.

இங்கே ஒரு குழப்பத்தை அவிழ்க்கவேண்டும். கடல் பாலூட்டிகளுக்கு 1972-இன் தனிச் சட்டம் இருக்கிறது. அதிலும் ‘தொல்லை’ உண்டு, ஆனால் அளவு வேறு. காயப்படுத்தும் ஆற்றலுள்ளது ‘ஏ’ நிலை. மூச்சு விடுதல், பாலூட்டுதல், வலசை போன்றவற்றைக் குலைத்துத் தொந்தரவு செய்யும் ஆற்றலுள்ளது ‘பி’ நிலை. காயத்துக்கான வாய்ப்புகூடத் தேவையில்லாததால் ‘பி’ மிகத் தாழ்ந்த வாசல். நீருக்கடியில் தூண் அடிப்பது போன்ற விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு 160 டெசிபெல், தொடர் சத்தத்துக்கு 120 டெசிபெல் என்ற எல்லைக்கோடுகளைப் பயன்படுத்துவது இந்தச் சட்டத்தின் கீழ்தான். திமிங்கிலம் இரண்டு சட்டத்திலும் வருவதால், துறைமுக வேலைக்காரர்கள் ஒரு சட்டத்தின் அனுமதியை வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடுவது உண்டு.

கடலையும் சால்மன் போன்ற வலசை மீன்களையும் பார்க்கும் தேசியக் கடல் மீன்வளச் சேவை, தீங்குக்குத் தன் சொந்த விளக்கத்தை 1999-இல் எழுதியது. இனப்பெருக்கம், இரை, தங்கிடம் என்ற மூன்றோடு முட்டையிடல், குஞ்சு வளர்த்தல், வலசை ஆகியவற்றையும் சேர்த்தது. காரணம் ஆற்றைப் பார்த்தால் புரியும். சால்மன் சரளைக்கல்லில் குழி தோண்டி முட்டையிடுகிறது. மேலே சாலை வெட்டிய சேறு வந்து கல் இடுக்குகளை அடைத்தால், நீரோட்டம் நின்று முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வாய்க்கால் தலைப்பில் வலைத்தடுப்பு இல்லையென்றால் குஞ்சுகள் வயலுக்குப் போய்விடும். சாலைக்கடியில் போட்ட குழாய் ஒரு முழம் உயர்ந்து தொங்கினாலும் மேலேறும் மீனுக்கு அது சுவர்தான்.

கூண்டு விலங்குகளுக்கும் இதே சட்டம் பொருந்தும். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பராமரிப்பு, இனப்பெருக்க முறை, மருத்துவச் சிகிச்சை ஆகியவை காயம் விளைவிக்காத வரை தொல்லை ஆகாது என்று 1998-இல் விலக்கு சேர்த்தார்கள். ஐயோவாவில் ஒரு சிறு மிருகக்காட்சிசாலையில் லீமர்களைத் துணையின்றித் தனியே அடைத்து வைத்ததே டேக் என்று தீர்ப்பானது. 2018-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதே ஆண்டு மயாமியில் லோலிட்டா என்ற ஓர்காத் திமிங்கிலத்தின் வழக்கில் பதினொன்றாம் வட்டம், கடுமையான தீங்கின் அச்சுறுத்தல் வேண்டும் என்று வாசலை உயர்த்தி வழக்கைத் தள்ளியது.

நிலத்துக்காரர் என்ன செய்கிறார்

முதலில் துறையின் ஐபேக் என்ற இணையக் கருவியில் நிலத்தை வரைந்து, எந்தெந்த உயிரினங்கள் இருக்கக்கூடும் என்ற பட்டியலை எடுக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் விலங்கு இருக்கிறது என்று பொருளல்ல. ஏற்ற வாழிடம் உண்டா என்று பார்த்து, உண்டென்றால் அந்த இனத்துக்குரிய முறைப்படி, உரிய பருவத்தில் கணக்கெடுப்பு. தவறு மிகுதியும் இங்கேதான். பறவை கூவாத பருவத்தில் போய்க் கூவலைக் கேட்கவில்லை என்று எழுதி வைத்த அறிக்கை நீதிமன்றத்தில் காகிதம்தான். பழைய அறிக்கைக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும்.

விலங்கு இருந்தால் முதலில் நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தப்பிக்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் 10-ஆம் பிரிவின் கீழ் அனுமதிச் சீட்டு. அதற்கு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று எழுதவேண்டும். விளைவு என்ன, அதைக் குறைக்கவும் ஈடுசெய்யவும் என்ன செய்வீர்கள், அதற்குப் பணம் எங்கே, வேறு வழிகளை ஏன் விட்டீர்கள் என்பவை அதில் இருக்கவேண்டும். சீட்டு வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வாங்காமல் போனால் வரும் வம்பு உங்களுடையது. அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம். தெரிந்தே மீறினால் சட்ட வாசகப்படி 50,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

‘முக்கிய வாழிடம்’ என்று வரைபடத்தில் குறித்த பகுதிக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. அந்தக் குறியீடு கூட்டாட்சி அரசின் செயலையும் அதன் பணத்தையும் அனுமதியையும்தான் கட்டுப்படுத்தும். தீங்குத் தடை எல்லாரையும், வரைபடத்துக்கு வெளியேயும் கட்டும். தாவரங்களுக்கு டேக் கிடையாது. அவற்றுக்குத் தனியான, பலவீனமான விதிகள்.

சட்டத்துக்குப் பக்கவிளைவும் உண்டு. செங்கொண்டை மரங்கொத்தி உயிருள்ள முதிய பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஆகவே மரம் முதிரும் முன்பே வெட்டிவிட்டால் பறவையும் வராது, சட்டமும் வராது. வட கரோலினாவில் நிலத்துக்காரர்கள் இப்படிச் செய்ததை டீன் லூயெக், ஜெஃப்ரி மைக்கேல் என்ற பொருளியலாளர்கள் 2003-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். அதே மாநிலத்தில் 1995-இல் தொடங்கிய ‘பாதுகாப்பான துறைமுகம்’ ஒப்பந்தம் இதற்கு மாற்று மருந்து. இன்று உங்கள் நிலத்தில் எத்தனை பறவைக் கூட்டங்கள் உள்ளனவோ அதுதான் அடிப்படைக் கணக்கு. உங்கள் நல்ல பராமரிப்பால் கூடுதலாக வருபவற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

2025-க்குப் பிறகு

2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் தெளிவற்ற சொல்லுக்குத் துறை தரும் நியாயமான பொருளை நீதிமன்றம் ஏற்கவேண்டும் என்ற பழைய கோட்பாட்டைக் கைவிட்டது. ஸ்வீட் ஹோம் தீர்ப்பு ஓரளவு அந்தக் கோட்பாட்டின் மேல் நின்றது. 2025 ஏப்ரல் 17 அன்று மீன், வனவுயிர் சேவையும் தேசியக் கடல் மீன்வளச் சேவையும் தீங்கின் விதி விளக்கத்தையே நீக்கிவிட முன்மொழிந்தன. காரணமாகக் காட்டியதில் முன்னே நின்றது ஸ்காலியாவின் முப்பதாண்டுப் பழைய மாறுபட்ட கருத்து. சட்டத்தில் உள்ள ‘தீங்கு’ என்ற சொல்லைத் துறை நீக்க முடியாது. அது காங்கிரஸ் எழுதியது. தொல்லைக்கான விளக்கத்தை இந்த முன்மொழிவு தொடவில்லை.

தொல்லை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தியானா வௌவாலைக் காட்டலாம். குளிர்காலம் முழுக்க அது குகையில் உறங்குகிறது. கோடையில் கருவுற்ற பெண் வௌவால்கள், காய்ந்தும் காயாமலும் நிற்கும் மரத்தின் உரிந்த பட்டைக்கு அடியில் கூடித் தங்கி ஆளுக்கு ஒரே ஒரு குட்டி ஈனுகின்றன. ஆண்டுதோறும் பழகிய மரக்கூட்டத்துக்கே திரும்பி வருகின்றன. அந்த மரத்தை ஜனவரியில் வெட்டினால் பக்கத்தில் வௌவாலே இல்லை. எரிச்சலடைய யாருமில்லாததால் தொல்லை இல்லை. சுடவில்லை, பிடிக்கவில்லை, துரத்தவில்லை. ஏப்ரலில் வயிற்றில் குட்டியோடு, உறங்கி மெலிந்த உடம்போடு அது பறந்து வந்து, மரம் இருந்த இடத்தைச் சுற்றும்போது அதற்கு நேர்வதைப் பிடித்து வைத்திருந்தது 1981-இன் அந்த ஒரு வாக்கியம்.